செஃப்ட்ரையாக்சோன் ஊசி: காக்கும் மருந்தும் காக்க வேண்டிய கவனமும்

அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில், மழைக்காலத்தில் வயலிலும் தெருவிலும் நீர் தேங்கும்போது பரவக்கூடிய எலிக்காய்ச்சல், டைபாய்டு, டெங்கு ஆகியவை தொடக்க நாட்களில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆயினும் முதலிரண்டும் பாக்டீரியாவால் வருபவை, டெங்கு வைரஸால் வருவது என்பதால், மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி முதலிரண்டுக்கு உதவுமேயன்றி டெங்குவைத் தணிக்காது.

1945இல் இத்தாலியின் சார்டினியா தீவில், கழிவுநீர் கடலில் சேருமிடத்தில் ஜூசெப்பே புரோட்சு கண்டெடுத்த பூஞ்சையிலிருந்து உருவான செஃபலோஸ்போரின் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை மருந்தாகிய இது, பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்து அதை அழிக்கிறது. உடலில் நெடுநேரம் தங்குவதால், பல நோய்களுக்கு நாளொன்றுக்கு ஒரு முறை செலுத்தினாலே போதும். இந்த வசதியே தேவையற்ற பயன்பாட்டுக்கும் வழிவிடுகிறது.

2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவிப் பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்நோயில் உயிர் காப்பது, இழந்த நீரையும் உப்பையும் உப்பு–சர்க்கரைக் கரைசலாலும் நரம்புவழி திரவத்தாலும் ஈடுசெய்வதே. ஆன்டிபயாடிக் அதற்குத் துணை மட்டுமே. அவ்வாறு ஏற்றப்படும் ரிங்கர் லாக்டேட் திரவத்தில் கால்சியம் இருப்பதால், அதனுடன் செஃப்ட்ரையாக்சோனைக் கலந்தாலோ ஒரே குழாயில் சேர்த்துச் செலுத்தினாலோ படிகங்கள் உருவாகும். எனவே பெரியவர்களுக்கு ஒன்றை முடித்துக் குழாயைக் கழுவிய பின்னரே மற்றதைச் செலுத்த வேண்டும். நரம்புவழி கால்சியம் தேவைப்படும், 28 நாட்களுக்கு உட்பட்ட பச்சிளங்குழந்தைக்கு இம்மருந்தே கூடாது. மஞ்சள்காமாலை உள்ள பச்சிளங்குழந்தைக்கும் இது பொருந்தாது, ஏனெனில் இரத்தத்தில் புரதத்துடன் பிணைந்துள்ள பிலிரூபினை இது விடுவிக்கிறது.

தசையில் போடும்போது வலி குறைய, மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்னில் கரைக்கப்படும் மருந்தை ஒருபோதும் நரம்பில் செலுத்தக் கூடாது. பென்சிலினாலோ வேறு செஃபலோஸ்போரினாலோ முன்பு தடிப்பு, மூச்சுத்திணறல் ஏற்பட்டிருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்வது நோயாளியின் கடமை. கடும் ஒவ்வாமையை எதிர்கொள்ள அட்ரினலினை ஆயத்தமாக வைத்திருப்பது ஊசி போடுமிடத்தின் கடமை.

செஃப்ட்ரையாக்சோனைக் கண்டபடி பயன்படுத்தினால் பாக்டீரியா எதிர்ப்பாற்றல் பெற்றுவிடும் என்பதாலேயே, உலகச் சுகாதார அமைப்பு இதைக் கண்காணித்துப் பயன்படுத்த வேண்டிய மருந்துகளின் பிரிவில் வைத்துள்ளது. இந்தியாவில் 2014 முதல் நடைமுறையிலுள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, மருத்துவரின் சீட்டின்றி இதை விற்கக் கூடாது; விற்பனை விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். ஆகவே காய்ச்சல் வந்தவுடன் ஊசியைக் கேட்டுப் பெறுவதைவிட, இரத்தப் பரிசோதனையால் நோயை அறிந்து, மருத்துவர் எழுதிய அளவையும் நாட்களையும் முழுமையாகக் கடைப்பிடிப்பதே ஒவ்வொரு குடும்பத்துக்கும் நலம்.