மரங்கொத்திக்கு இடம்விட்ட இராணுவம்

நாட்டின் பாதுகாப்பு முக்கியமா, சுற்றாடல் முக்கியமா? பாடசாலை விவாதப் போட்டிகளில் இத்தலைப்பை அடிக்கடி கேட்கின்றோம். இரண்டு அணிகளும் காரசாரமாகப் பேசும், நடுவர் ஒரு பக்கத்துக்கு வெற்றியைக் கொடுப்பார். ஆனால் 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் இக்கேள்வி மேடையை விட்டு நிலத்துக்கே வந்தது. அங்கு எவரும் தோற்காமல் அது தீர்க்கப்பட்ட விதம் நாமும் அறிந்துகொள்ள வேண்டியது.

போர்ட் பிராக் அமெரிக்காவின் மிகப்பெரிய இராணுவத் தளங்களுள் ஒன்று. பரசூட்டில் குதித்துப் போரிடும் 82ஆவது வான்வழிப் படைப்பிரிவின் இருப்பிடமும் அதுவே. அதன் பைன் காடுகளில் ஒருவகை மரங்கொத்தி வாழ்கின்றது. ஆண் பறவையின் தலையோரம் மிகச் சிறிய சிவப்புக் கீற்று இருக்கும். மற்ற மரங்கொத்திகளைப் போல பட்ட மரத்தில் இது பொந்து குடைவதில்லை. உயிரோடு நிற்கும் முதிய பைன் மரமே இதற்கு வேண்டும். ஒரு பொந்தை முடிக்க ஒரு வருடமோ பல வருடங்களோ ஆகும். பொந்தைச் சுற்றிப் பட்டையைக் கொத்திப் பிசினை வழியவிடும். அந்தப் பிசினால் பாம்பு மேலேற முடியாது.

இப்பறவை இராணுவத் தளத்துக்குள் ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவின் தென்பகுதியில் ஒரு காலத்தில் சுமார் 90 மில்லியன் ஏக்கரில் பரந்திருந்த நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள் மரத்துக்காகவும் விவசாயத்துக்காகவும் அழிக்கப்பட்டன. இன்று மிகச் சிறிய பங்கே எஞ்சியுள்ளது. தளத்தின் வேலிக்குள் வீடுகளோ தோட்டங்களோ எழவில்லை. பீரங்கிப் பயிற்சியில் அடிக்கடி பற்றிய தீயும் காட்டுக்கு நன்மையாகவே அமைந்தது. இந்தப் பைன் காட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தரையோடு ஓடும் தீ தேவை. அது இல்லாவிட்டால் அடியில் புதர் மண்டிவிடும், பறவையும் இடத்தை விட்டுப் போய்விடும்.

1973ஆம் ஆண்டின் அருகிவரும் உயிரினங்கள் சட்டம் மத்திய அரசின் எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தியது. இராணுவமும் அதற்குள் அடங்கும். அதன்படி, தளத்தின் நடவடிக்கைகள் இப்பறவையின் இருப்பையே ஆபத்துக்குள்ளாக்குவதாக 1990இல் வனசீவராசிகளுக்குப் பொறுப்பான மத்திய நிறுவனம் எழுத்துமூலம் அறிவித்தது. பொந்துள்ள மரங்களுக்கு வெள்ளை வளையம் பூசப்பட்டது. ஒவ்வொரு மரத்தையும் சுற்றிச் சுமார் 60 மீற்றருக்குள் கூடாரம் அடிக்கவோ, பதுங்குகுழி வெட்டவோ, பாதையை விட்டு வாகனம் ஓட்டவோ முடியாது. நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி இப்படித் தடை வந்தால் பயிற்சிக்கு மிஞ்சுவது துண்டு துண்டான நிலம்தான். படையினரின் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. பயிற்சி குறைந்த சிப்பாய் போர்க்களத்தில் அதற்கு உயிரையே விலையாகக் கொடுக்க நேரிடும்.

வேலிக்கு வெளியேயும் நிலைமை மோசமாகவே இருந்தது. பறவை தங்கள் காணிக்கு வந்துவிட்டால் அரசாங்கம் மரம் வெட்டத் தடை விதிக்கும் என்று காணிச் சொந்தக்காரர்கள் பயந்தார்கள். அதனால் மரங்கள் முதிர்வதற்கு முன்பே அவற்றை வெட்டி விற்றவர்களும் இருந்தார்கள். பறவையைக் காப்பாற்ற வந்த சட்டமே அதன் வருங்கால வீட்டை அழிக்கத் தூண்டியது.

தீர்வு இரண்டு வழிகளில் வந்தது. 1995இல் அப்பிரதேசத்தில் ‘பாதுகாப்பான துறைமுகம்’ என்ற ஒப்பந்த முறை தொடங்கியது. காணிச் சொந்தக்காரர் அன்று தன் காணியில் உள்ள பறவைகளுக்கு மட்டும் பொறுப்பேற்றால் போதும். அவர் காட்டை நன்றாகப் பராமரிப்பதால் மேலும் பறவைகள் வந்தால், அதற்காக அவர்மீது புதிய தடை விழாது. அதே காலத்தில் இராணுவம் ‘நேச்சர் கன்சர்வன்சி’ என்ற தொண்டு நிறுவனத்தோடு இணைந்தது. தளத்தைச் சூழவிருந்த காணிகளை, விற்க விரும்பியவர்களிடமிருந்து மட்டும், விலை கொடுத்துப் பாதுகாத்தது. வெளியே பறவைக்கு இடம் கிடைத்தபோது உள்ளே தடைகளைத் தளர்த்த முடிந்தது. 2002 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டமொன்று இம்முறையை நாடு முழுவதிலுமுள்ள தளங்களுக்கு விரிவாக்கியது.

2006இல் அப்பகுதியின் மரங்கொத்திகள் மீட்சி இலக்கை எட்டின. எதிர்பார்த்த காலத்துக்கு ஐந்து வருடங்கள் முந்தியே இது நடந்தது. 1970களின் இறுதியில் நாடு முழுவதும் சுமார் 1,470ஆக இருந்த பறவைக் குடும்பக் கூட்டங்கள் இன்று சுமார் 7,800 என மதிப்பிடப்படுகின்றன. 2024 ஒக்டோபரில் இப்பறவை அருகிவரும் நிலையிலிருந்து ஒரு படி கீழான அச்சுறுத்தல் நிலைக்கு மாற்றப்பட்டது.

இதை வைத்து அமெரிக்க இராணுவத்துக்குப் புகழ்மாலை சூட்டத் தேவையில்லை. அதே மாநிலத்தின் லெஜூன் மரைன் படை முகாமில் 1953 முதல் 1987 வரை குடிநீரில் நச்சுக் கரைப்பான்கள் கலந்திருந்தன. சிப்பாய்களும் அவர்களது பிள்ளைகளும் அதையே குடித்தார்கள். நட்டஈடு கோரி வழக்குத் தொடர வழிவிடும் சட்டம் 2022இல்தான் வந்தது. மரங்கொத்திக்காக வெளியிலிருந்து கேள்வி கேட்க ஒரு சட்டமும் ஒரு நிறுவனமும் இருந்தன. லெஜூனில் உரிய நேரத்தில் கேட்க எவரும் இருக்கவில்லை. இராணுவம் தானாகவே பொறுப்புடன் நடந்துகொள்ளும் என்று விட்டுவிட முடியாது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

இலங்கை முஸ்லிம்களாகிய நமக்கு காடு, காணி, முகாம் ஆகிய மூன்றும் தொலைவான விடயங்கள் அல்ல. 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முசலி மக்கள் யுத்தம் முடிந்து திரும்பியபோது, அவர்கள் விட்டுச்சென்ற காணிகளில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் அப்பகுதிகளில் சில வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. தங்களிடம் எவரும் கேட்கவில்லை என்பதே அம்மக்களின் முறைப்பாடு.

காடு காக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இருக்கக் கூடாது. “அது நமக்கு எதிரான சதி” என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவதும் முறையல்ல. நாம் கேட்க வேண்டியது மரங்கொத்தி விடயத்தில் பலன் தந்த அதே ஒழுங்கைத்தான்: கோடு கீறுவதற்கு முன் காணிச் சொந்தக்காரரிடம் பேசுங்கள், எடுப்பதாயின் விலை கொடுங்கள், காட்டைப் பேணுபவரைத் தண்டிக்காதீர்கள், மக்களுக்கு விதிக்கும் சட்டத்தை முகாமுக்கும் விதியுங்கள்.