ஹேண்ட் பிளெண்டர்: மிக்ஸிக்குப் பதிலா, மத்துக்குப் பதிலா?

நிறைய பேர் கேட்ட கேள்வி: ஆயிரம், ஆயிரத்து ஐநூறு ரூபாய்க்குக் கிடைக்கிற ஹேண்ட் பிளெண்டர் வாங்கலாமா?

முதல்ல என் கதை. வேலைக்குச் சேர்ந்து தனியா வீடு எடுத்த புதுசு. அட்வான்ஸ் கொடுத்ததுக்கு அப்புறம் மிக்ஸி வாங்கக் கையில காசு இல்லை. சரி, இது போதும்னு ஒரு ஹேண்ட் பிளெண்டர் வாங்கினேன். ரெண்டாவது வாரம் அதுல தேங்காய்ச் சட்னி அரைக்கப் பார்த்தேன். தேங்காய் அரையலை, மோட்டார் கருகிடுச்சு. தப்பு என் மேலதான்.

ஏன் அப்படி ஆச்சு? மிக்ஸி மோட்டார் பெரும்பாலும் 500-லிருந்து 750 வாட்ஸ். விலை குறைஞ்ச ஹேண்ட் பிளெண்டர்ல 200, 300 தான் இருக்கும். இன்னொரு விஷயம், மிக்ஸி ஜார்ல சிதறுற துண்டு சுவர்ல பட்டு மறுபடி பிளேடுக்கே வந்து விழும். ஹேண்ட் பிளெண்டர்ல அப்படி இல்லை. தண்ணி இருந்தாத்தான் பொருள் பிளேடு பக்கம் இழுபடும். கெட்டியா இருந்தா பிளேடு திணறும், மோட்டார் சூடாகும். கைப்பிடிக்குள்ள இருக்கிற சின்ன மோட்டார், சூடு வெளிய போக வழியும் கம்மி. விட்டு விட்டு ஓட்டச் சொல்றது அதனாலதான்.

அப்போ இது குட்டி மிக்ஸி இல்லை, கரண்ட்ல ஓடுற மத்து. கீரை, வெந்த பருப்பு, தக்காளி சூப், மோர், லஸ்ஸி எல்லாத்துக்கும் சூப்பர். இட்லி மாவு, மசாலாப் பொடி, தேங்காய்? வேண்டாம். உருளைக்கிழங்கும் வேண்டாம், ஸ்டார்ச் வெளிய வந்து பசை மாதிரி ஆயிடும்.

இதோட பெரிய லாபம் பாதுகாப்பு. கொதிக்கிற பருப்பை மூடின மிக்ஸி ஜார்ல சுத்தினா, நீராவி மூடியைத் தள்ளி மேல தெறிக்கும். இதுல அடுப்பை அணைச்சிட்டு, அதே பாத்திரத்துல கடைஞ்சிடலாம். பிளேடு முழுசா மூழ்கின பிறகு ஸ்விட்சை அழுத்துங்க. கழுவுறதுக்கு முன்னாடி பிளக்கைக் கட்டாயம் பிடுங்கிடுங்க.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது: சூட்டைத் தாங்குற ஸ்டீல் தண்டு, கழுவ வசதியா அது கழண்டு வரணும்.

வீட்ல மிக்ஸி இருக்கா? வாரத்துல மூணு நாலு தடவை கீரையோ பருப்போ கடையறீங்களா? ரெண்டுக்கும் ஆமான்னா தாராளமா வாங்குங்க. மிக்ஸியே இல்லைன்னா, காசு சேர்த்து முதல்ல அதை வாங்குங்க. அதுவரைக்கும் ஒரு மர மத்து போதும். அது கருகாது!