மைலேஜுக்கும் சேதாரம் உண்டு, தோழிகளே!

நகைக்கடைக்குப் போனால் நாம் என்ன செய்கிறோம்? கல் எடை எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, செய்கூலி எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் பர்சைத் திறக்கிறோம். ஆனால் லட்சக்கணக்கில் பணம் கொட்டிக் கார் வாங்கும்போது மட்டும், "லிட்டருக்கு 24 கிலோமீட்டர் கொடுக்கும் மேடம்" என்று ஷோரூம் தம்பி சொன்னதும் நம்மில் பலர் தலையை ஆட்டி விடுகிறார்கள். "அதெல்லாம் ஆம்பளைங்க பாத்துக்குவாங்க" என்று ஒதுங்கிக் கொள்பவர்களும் உண்டு. பெட்ரோல் போட்டது போக மிச்சமிருக்கும் பணத்தில் மாதக் கடைசி வரை குடும்பம் நடத்துவது யார்? நாம்தானே! அதனால் இந்தக் கணக்கை நாமும் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் துறையூர். என் கணவர் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். என் மாமியாருக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் இரண்டு முறை திருச்சிக்குப் போய் டயாலிசிஸ் செய்து கொள்கிறார். சிகிச்சைச் செலவு காப்பீட்டில் போய்விடுகிறது. போக வரத்தான் பெரும்பாடு. நாலு மணி நேரம் மெஷினில் படுத்து எழுந்த பிறகு, அவரைச் சத்திரம் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நிற்க வைக்க மனசு வருமா? வாடகைக் கார் வைத்தால் காத்திருப்புக் கூலியோடு ஒரு தடவைக்கு 2,000 ரூபாய். மாதம் 8 தடவை என்றால் 16,000 ரூபாய்! அப்போதுதான் சொந்தமாக ஒரு கார் வாங்கினால் என்ன என்ற பேச்சு வீட்டில் எழுந்தது.

கணக்கு நோட்டு சொன்னது

நான் பிளஸ் டூ வரை படித்தவள். ஆனாலும் பால் கணக்கு, மளிகைக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் என் நோட்டில்தான். அதிலேயே கார் கணக்கையும் போட்டேன். திருச்சிக்குப் போய்வர 90 கிலோமீட்டர். 8 தடவைக்கு 720. கல்யாணம், கோயில், கடை வேலை என்று இன்னும் 180 சேர்த்தால் மாதம் 900 கிலோமீட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக் கொண்டேன். கணக்குக்குச் சுலபம்.

ஷோரூமில் சொன்ன 24 கிலோமீட்டரை அப்படியே எடுத்தால் மாதம் 37.5 லிட்டர், அதாவது 3,750 ரூபாய். 4 லட்சத்து 30 ஆயிரம் கடன் வாங்கினால் மாதத் தவணை சுமார் 9,000. இரண்டும் போக, வாடகைக் காருக்குக் கொடுக்கும் 16,000-ல் 3,250 ரூபாய் மிச்சமாகும். கேட்கவே இனித்தது!

ஆனால் அந்த 24 நிஜமா? அதைத் தெரிந்து கொள்ள எங்கள் ஊர் கார் ஸ்டாண்டுக்குப் போனேன். எண்ணெய்க்கு அன்றாடம் காசு எண்ணிக் கொடுப்பவர்கள் அவர்கள்தானே? எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள், ஏ.சி. போடுவீர்களா, மைலேஜை எப்படி அளந்தீர்கள் என்று மூன்றே கேள்விதான் கேட்டேன். அதே மாடல் ஓட்டும் ஒரு அண்ணன், "ஏ.சி. இல்லாம நேர் ரோட்டுல போனா 20 கிடைக்கும் தங்கச்சி" என்றார். இன்னொருவர், "ஏ.சி. போட்டு ஊருக்குள்ளயும் வெளியிலயும் கலந்து ஓட்டினா 17" என்றார். திருச்சி டவுனுக்குள்ளேயே சவாரி ஓட்டுபவர் 15-க்கு மேல் பார்த்ததே இல்லையாம். எங்களுக்கு மண்ணச்சநல்லூர் தாண்டி நம்பர் 1 டோல்கேட் வரை ஓரளவு நல்ல ரோடு. அதன் பிறகு நெரிசல். அதனால் 18 என்று வைத்துக் கொண்டேன்.

18 என்றால் மாதம் 50 லிட்டர், 5,000 ரூபாய். மிச்சம் 3,250 இல்லை, வெறும் 2,000. இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று அதில் எடுத்து வைத்தால் கையில் ஒன்றுமே நிற்காது. வருஷத்துக்கு 15,000 ரூபாய் வித்தியாசம்! எங்கள் மாதிரி வீட்டில் அது சின்னவளின் டியூஷன் பணம். இது முன்கூட்டியே தெரிந்ததால், நான் போட்டு வந்த சீட்டை எடுத்து முன்பணத்தில் ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டினோம். தவணை 7,000-க்குள் வந்தது. மாதத் தவணைக்குத் திண்டாட்டம் இல்லை.

சொல்கிற எண் எங்கிருந்து வருகிறது?

கம்பெனிக்காரர்கள் பொய் சொல்கிறார்களா என்று கோவையில் இன்ஜினியராக இருக்கும் என் தம்பியிடம் கேட்டேன். "பொய் இல்லக்கா, அது வேற உலகத்து எண்" என்று சிரித்தான். புனேயில் 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனைக் கூடங்களில், காரை உருளைகள் மேல் நிறுத்தி, சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்ற ஓட்டிப் பார்க்கிறார்கள். சுமார் 20 நிமிடம். ஓடும் தூரம் சுமார் 10 கிலோமீட்டர். உச்ச வேகம் 90. எந்த நேரத்தில் எந்த வேகம் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுதி வைத்தது. நாம் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய எண்கள் ஏ.சி. போடாமல் எடுத்தவை. அங்கே மேடு பள்ளம் இல்லை, எதிர்க்காற்று இல்லை, குறுக்கே வரும் ஆடு மாடு இல்லை, டிக்கியில் அரிசி மூட்டை இல்லை. எல்லாக் காரையும் ஒரே மாதிரி ஓட்டிப் பார்த்து, எது எண்ணெய் குறைவாகக் குடிக்கிறது என்று ஒப்பிட அந்த எண் உதவும். நம் வீட்டு பட்ஜெட் போட உதவாது.

இந்தத் தொல்லை நமக்கு மட்டுமல்ல. ஐரோப்பாவில் சோதனைக்கூடத்து எண்ணைவிட ரோட்டில் கூடுதலாகச் செலவான எரிபொருள் 2001-ல் சுமார் 9 சதவீதமாக இருந்து 2015-ல் சுமார் 42 சதவீதமாக ஏறிவிட்டது என்று ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு கணக்கிட்டுச் சொன்னது. அதன் பிறகு 2017-லிருந்து அங்கே புதிய சோதனை முறைக்கு மாறினார்கள். அமெரிக்காவில் 2008 மாடல் கார்களிலிருந்தே ஏ.சி. ஓடும்போதும், கடுங்குளிரிலும், அதிக வேகத்திலும் சோதித்து எண் தருகிறார்கள். 2016-ல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் மைலேஜ் சோதனையில் முறைகேடு செய்ததைத் தானே ஒப்புக் கொண்டது.

அதனால் சொன்ன எண்ணில் கால் பங்கைச் சேதாரமாகக் கழித்து விடுவது என்று நான் ஒரு கணக்கு வைத்துக் கொண்டேன். 24 என்றால் 18. 20 என்றால் 15. டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர்கள் இன்னும் கொஞ்சம் கழித்துக் கொள்வது நல்லது.

2 கிலோமீட்டருக்காக ஏமாற வேண்டாம்

தோழிகளே, மைலேஜில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 10 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய வண்டியை விட்டு 12 கொடுக்கும் வண்டிக்கு மாறினால் 900 கிலோமீட்டருக்கு 15 லிட்டர் மிச்சம். 20-லிருந்து 24-க்கு மாறினாலோ ஏழரை லிட்டர்தான் மிச்சம்! முதலில் கூடியது 2, அடுத்ததில் கூடியது 4. ஆனாலும் லாபம் பாதிதான். எனவே, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்" என்று மட்டும் பார்க்காமல் "என் மாத ஓட்டத்துக்கு எத்தனை லிட்டர்" என்று வகுத்துப் பாருங்கள். உண்மை வெளியே வரும்.

எங்கள் பட்டியலில் கடைசியாக இரண்டு கார் நின்றன. ஒன்று தாழ்வானது, சொல்லும் மைலேஜ் 26. மற்றது கொஞ்சம் உயரமானது, 24. என் கணவருக்கு 26 மேல்தான் கண். சேதாரம் கழித்தால் 19.5-ம் 18-ம். மாதத்துக்கு வித்தியாசம் 385 ரூபாய். அத்தையையே ஷோரூமுக்கு அழைத்துப் போய் இரண்டிலும் உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். தாழ்வான காரிலிருந்து எழ முடியாமல் என் தோளைப் பிடித்துக் கொண்டார். உயரமான காரில் தானே ஏறி, தானே இறங்கினார். "என்னங்க, மாசம் 385 ரூபாய் அத்தையோட முழங்காலுக்குன்னு வெச்சுக்குவோம்" என்றேன். அவரும் மறுபேச்சு பேசவில்லை.

டீசல் வாங்கச் சொல்லியும் உறவினர்கள் ஆலோசனை சொன்னார்கள். அதையும் நோட்டில் போட்டுப் பார்த்தேன். பெட்ரோல் 18 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 56 காசு. டீசல் லிட்டர் 92 ரூபாய், 22 கிலோமீட்டர் என்றால் 4 ரூபாய் 18 காசு. எங்கள் ஓட்டத்துக்கு மாதம் 1,240 ரூபாய் மிச்சம். டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடக் கொடுத்தால் அதை மீட்கப் பத்து வருஷம் ஆகும்! தினமும் 100 கிலோமீட்டர் ஓடுகிறவர்களுக்கு அது சரிவரலாம். மேலும் 2020 ஏப்ரலில் புகைக் கட்டுப்பாடு கடுமையான பிறகு சின்ன டீசல் கார்கள் அரிதாகிவிட்டன.

சி.என்.ஜி. காரில் சொல்லும் 30, 34 எல்லாம் கிலோவுக்கு, லிட்டருக்கு அல்ல. இரண்டையும் ஒப்பிடும்போது ரூபாயில் மாற்றித்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது ஒத்துவராமல் போனதற்குக் காரணம் வேறு. டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்து கொண்டால் அத்தையின் சக்கர நாற்காலியை எங்கே வைப்பது?

பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். 2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் என்ற இலக்கு எட்டப்பட்டது. எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. பழைய கார்களில் 6, 7 சதவீதமும், இதற்கென்றே வடிவமைத்த புதிய கார்களில் 1, 2 சதவீதமும் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கை சொல்கிறது. விற்பவர் பல வருஷத்துக்கு முந்தைய மைலேஜைச் சொன்னால் அதிலும் கழிவு போடுங்கள்.

நீங்களே அளந்து பாருங்கள்

மைலேஜ் அளப்பது இட்லிக்கு அரிசி அளப்பது போலத்தான். ஒரே பங்க், முடிந்தால் அதே பம்ப். டேங்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக 'டக்' என்று நிற்கும் இடத்தில் நிறுத்திவிடச் சொல்லுங்கள். அதற்கு மேல் குலுக்கிக் குலுக்கி ஊற்ற விடாதீர்கள். கிலோமீட்டரைக் குறித்து வையுங்கள். அடுத்த முறையும் அதே போல் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் அதுதான் உங்கள் மைலேஜ். 540 கிலோமீட்டர் ஓடி 30 லிட்டர் பிடித்தால் 18. ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு கட்டாமல் நாலைந்து தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். டேஷ்போர்டில் காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். என் நோட்டு 18 சொன்ன மாதத்தில் எங்கள் காரின் திரை 19.6 என்று பெருமையடித்துக் கொண்டது!

14 மாதமாக எழுதி வருகிறேன். சராசரி 17.6. ஏ.சி. ஓயாமல் ஓடிய சித்திரை, வைகாசியில் 16.4 வரை இறங்கியது. மார்கழியில் 18.9 வரை ஏறியது. நான் முதலில் போட்ட கணக்குக்கும் நடப்புக்கும் மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய்தான் வித்தியாசம்.

மிச்சம் பிடிக்கச் சில வழிகளையும் சொல்கிறேன். ஆஸ்பத்திரி வாசலில் பல பேர் ஏ.சி. போட்டு இன்ஜினை ஓட விட்டுக் காருக்குள்ளேயே தூங்குவதைப் பார்க்கிறேன். நின்ற இடத்திலேயே மணிக்கு ஒரு லிட்டர் வரை கரையும். நாலு மணி நேரத்துக்கு 400 ரூபாய். நாங்கள் போய் வரவே 500 ரூபாய்தான் ஆகிறது! என் கணவர் ஆஸ்பத்திரி கூடத்து பெஞ்சில் பேப்பரோடு உட்கார்ந்து விடுவார். டயர் காற்றை மாதம் ஒருமுறையாவது, வண்டி சூடேறுவதற்கு முன் பாருங்கள். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நாலு மடங்காகும் என்று தம்பி சொன்னான். அதனால் நல்ல ரோட்டிலும் 70-ஐத் தாண்டுவதில்லை. தேவையில்லாத மேல் கேரியரைக் கழற்றி வைப்பதும் இதனால்தான். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது எண்ணெய் அதிகம் குடிக்கும் என்பதால் பக்கத்துத் தெருக் காய்கறிக் கடைக்கு நடைதான். உடம்புக்கும் நல்லது.

அடுத்து உங்கள் வீட்டில் கார் பேச்சு எழும்போது, சமையலறையில் நின்று காபி மட்டும் கலக்கிக் கொடுக்காதீர்கள். நோட்டும் பேனாவுமாக நீங்களும் வந்து உட்காருங்கள். மாதம் எத்தனை கிலோமீட்டர், யார் ஏறி இறங்கப் போகிறார்கள், எந்த ரோடு என்று எழுதுங்கள். சொன்ன எண்ணில் சேதாரம் கழியுங்கள். அப்புறம் பாருங்கள், விளம்பரத்தில் எது பெரியது என்பது போய், நம் வீட்டுக்கு எது பொருத்தம் என்பது தானாகத் தெரியும்.

— ஒரு வாசகி, துறையூர்