பறக்கும் ரயிலுக்குக் கீழே ஒரு படகுப் பாதை!

எங்கள் குஜிலியம்பாறைப் பக்கம் குழாயில் காற்று வந்தாலே, "தண்ணி வரப்போகுது"ன்னு குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இங்கே உட்கார்ந்து கப்பலைப் பற்றி எழுதினால், "ஏம்ப்பா, வெயில் ஜாஸ்தியோ?" என்பார்கள். என்றாலும் கேளுங்கள்... கப்பல் மலை ஏறும் ஸார்!

ஜெர்மனியில் மைன் நதியையும் டான்யூப் நதியையும் இணைக்கும் 171 கிலோமீட்டர் கால்வாய் 1992-ல் முடிந்தது. அதன் உச்சி, கடல் மட்டத்துக்கு மேலே 406 மீட்டர். நம்ம திண்டுக்கல் டவுனே அவ்வளவு உயரம் கிடையாது! எப்படி ஏறுகிறது? வழியில் 16 'லாக்'குகள். தண்ணீர் லிஃப்ட் என்று வைத்துக்கொள்ளுங்களேன். தொட்டிக்குள் கப்பல் நுழைந்ததும் பின்கதவை மூடி, மேலேயிருந்து தண்ணீரை விடுவார்கள். தண்ணீரோடு கப்பலும் உயரும். முன்கதவைத் திறந்தால் அடுத்த மாடி!

சூட்சுமமே அளவில்தான் இருக்கிறது. லாக் ஒவ்வொன்றும் 190 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம். நடுவில் ஒன்றே ஒன்று குறுகினாலும் போச்சு, மொத்தப் பாதைக்கும் அதுதான் அளவு. ரயிலில் மீட்டர்கேஜ், பிராட்கேஜ் மாதிரி.

1879-ல் பிரான்ஸ் தன் கால்வாய்களுக்கு ஒரு சின்ன அளவை நிர்ணயித்தது. 38.5 மீட்டர் நீளப் படகுதான் போகும். இப்போது அதே நாட்டில் 107 கிலோமீட்டருக்கு, 54 மீட்டர் அகலத்தில் புதுக் கால்வாய் வெட்டுகிறார்கள். ஒரே கப்பலில் 4,400 டன்! லாரிக்கு 25 டன் என்றால் 176 லாரி லோடு. (பி.காம். படிச்சது வீண் போகலை!)

நம்மிடம் இல்லையா? இருந்ததே! 1806-ல் பேசில் காக்ரேன் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்ட ஆரம்பித்த கால்வாய், பிற்பாடு ஆந்திராவின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. பக்கிங்ஹாம் கால்வாய்! கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டரை, 1877-78 பஞ்சத்தில் பிழைப்பில்லாத ஜனங்கள் நிவாரணக் கூலிக்கு வெட்டினார்கள். உப்பு, விறகு, நெல் எல்லாம் படகில் வந்து இறங்கின.

அப்புறம் ரயில் வந்தது, லாரி வந்தது. 1965, 66 புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. மிச்சத்தைச் சாக்கடை பார்த்துக்கொண்டது. 1990-களில் சென்னையில் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008-ல் இந்தக் கால்வாயையும் சேர்த்து, காக்கிநாடா - புதுச்சேரி பாதை தேசிய நீர்வழி எண் 4 ஆனது. பட்டம் கிடைத்துவிட்டது. அகலம்?

மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயிலில் ஆபீஸ் போகிறவர்கள், மூக்கைப் பொத்துவதற்கு முன்னால் கீழே ஒரு பார்வை பாருங்கள். சேற்றை அள்ளிவிடலாம். சாக்கடையைத் திருப்பிவிடலாம். தூணை யார் பிடுங்குவது? ஊருக்கு வெளியே மிச்சமிருக்கும் அகலத்திலாவது யாரும் கை வைக்காமல் இருக்கட்டும். கப்பல் வருகிறதோ இல்லையோ, மழை வெள்ளம் கட்டாயம் வரும். அது போக வழி வேணுமே!