டேஷ் கேம் ஓடட்டும், ஜிர்காடாங்கில் நிற்கட்டும்

விபத்து நடந்து மூன்று நான்கு நாள் கழித்துத்தான் பெரும்பாலும் கார்க்காரர்கள் என்னிடம் வருகிறார்கள். கைப்பேசியை நீட்டி, "எல்லாம் இதுல பதிவாகியிருக்கு சார், தப்பு அவங்க மேலதான்" என்பார்கள். வாங்கிப் பார்த்தால் வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த இருபது விநாடித் துண்டு. எதிரே வந்த வண்டியின் நம்பர் பிளேட் மங்கிக் கிடக்கும். தேதியும் நேரமும் வெட்டுப்பட்டிருக்கும். அசல் எங்கே என்று கேட்டால், "கார் கேமராவிலேயே இருக்கும்" என்று பதில் வரும். ஆனால் அந்த மூன்று நாளும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மெமரி கார்டு நிரம்பியதும் கேமரா தன் பழைய பதிவுகளை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். ஆயிரக்கணக்கில் செலவழித்து மாட்டிய கருவி, தேவைப்பட்ட அந்த ஒரு நிமிடத்தை அழித்துவிட்டு நிற்கிறது.

போர்ட் பிளேரில், அதாவது 2024 செப்டம்பருக்குப் பிறகு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய நம் ஊரில், டேஷ் கேம் வாங்கத் தெரிந்தவர்கள் நிறைய. அதை எப்போது ஓடவிடுவது, எப்போது நிறுத்துவது, பதிவை யாரிடம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டு வைத்திருப்பவர்கள் குறைவு. கருவியை விற்பவரும் சொல்வதில்லை, மாட்டுபவரும் சொல்வதில்லை.

முதலில், ஜிர்காடாங்கில் கேமராவை நிறுத்தாமல் போவது. மற்றத் தவறுகளால் இழப்பீடு கை நழுவும். இந்தத் தவறு சிறைக்குக் கொண்டுபோகக்கூடியது.

அந்தமான் டிரங்க் ரோடு, ஜிர்காடாங் சோதனைச்சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் ஜெட்டி வரை ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தூரம் ஜாரவா பழங்குடியினர் காப்பகத்துக்குள் போகிறது. கான்வாயில்தான் போக வேண்டும். 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது, வழியில் நிறுத்தக் கூடாது, சாப்பிட எதுவும் கொடுக்கக் கூடாது, படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது. 2012 ஜனவரியில், ஜாரவா பெண்களைச் சுற்றுலாப் பயணிகளுக்காக ஆடவைக்கும் வீடியோ ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை மூலம் வெளியாகி நாடே தலைகுனிந்தது நினைவிருக்கும். அதே ஆண்டு, 1956-ஆம் ஆண்டின் பூர்வ பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாயின. விதியை மீறிக் காப்பகத்துக்குள் நுழைந்து படம், வீடியோ எடுத்தால் மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2017-இல் தேசியப் பழங்குடியினர் ஆணையம், யூடியூபில் கிடந்த ஜாரவா வீடியோக்களை நீக்கச் சொல்லி நடவடிக்கையில் இறங்கியது.

"நான் கையில் கேமராவே எடுக்கலையே, அது தானா ஓடுது" என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வீடியோ எடுக்காதே என்ற விதிக்கு, அது கையில் இருக்கிறதா கண்ணாடியில் ஒட்டியிருக்கிறதா என்பது ஒரு பொருட்டே அல்ல. தானாக ஓடுவதுதான் இதில் ஆபத்தே. பாரட்டாங் தீவுக்குப் போக விடிகாலை மூன்று மணிக்கே புறப்படுகிறோம். தூக்கக் கலக்கத்தில் கேமரா ஞாபகம் வருவதில்லை. சிலர் ஜிர்காடாங்கில் ஒழுங்காக நிறுத்திவிடுகிறார்கள், ஆனால் திரும்பும்போது மாட்டிக்கொள்கிறார்கள். பாரட்டாங்கிலிருந்து வெசலில் காரை ஏற்றி இன்ஜினை அணைப்பார்கள். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் இறங்க மறுபடி சாவியைத் திருப்பியதும் கேமராவும் விழித்துக்கொள்ளும். அப்போது கார் நிற்பது காப்பகத்தின் வாசலில். அங்கிருந்து ஜிர்காடாங் வரை முழுப் பயணமும் பதிவாகியிருக்கும், ஓட்டியவருக்குத் தெரியாமலே. திரை அணைந்திருப்பதைப் பார்த்து நின்றுவிட்டது என்று நம்ப வேண்டாம். பல கேமராக்களில் ஒரு நிமிடத்தில் திரை மட்டும் இருட்டாகும்; ஓரத்தில் சின்ன விளக்கு மினுங்கிக்கொண்டே பதிவு தொடரும். பார்க்கிங் மோடு உள்ள கேமரா, இன்ஜின் அணைந்தாலும் பேட்டரியிலிருந்து ஓடும்.

ஆகவே பட்டனை அழுத்தினேன் என்பதோடு விடாதீர்கள். சாவடியில் அனுமதிப் படிவம் நிரப்ப இறங்கும்போதே கேபிளைப் பிடுங்குங்கள், கார்டை வெளியே எடுத்துப் பையில் போடுங்கள். சொந்த வேலைக்காக ரங்கட், மாயாபந்தர், டிக்லிபூர் போகிறவர்களுக்கும் இதேதான். நான் உள்ளூர்க்காரன், வாராவாரம் போகிறேன் என்பதற்குச் சட்டத்தில் சலுகை இல்லை. தெரியாமல் பதிவாகிவிட்டால் யாருக்கும் அனுப்ப வேண்டாம், எங்கும் ஏற்ற வேண்டாம். காவலர் கேட்டால் மறைக்காமல் சொல்லிவிட்டு வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள். தடை செய்யப்பட்ட பாதுகாப்புப் படை வளாகங்கள், கடற்படைத் தளங்கள் அருகிலும் பார்க்கிங் மோடில் கேமராவை விட்டுவிட்டு நகராதீர்கள். 1923-ஆம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மாட்டும் விஷயத்துக்கு வருவோம். டேஷ் கேம் பொருத்த ஆர்.டி.ஓ. அனுமதியோ ஆர்.சி. புத்தகத்தில் பதிவோ தேவையில்லை. ஆனால் ஓட்டுநருக்கு இடைஞ்சலாக எதையும் வைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு. நடுக் கண்ணாடிக்குப் பின்னால், வைப்பர் துடைக்கும் பகுதிக்குள் ஒட்டினால் பார்வையும் மறையாது, மழையிலும் படம் தெளியும். நம் தீவில் வருடத்தில் பாதிக்குமேல் மழைதானே. வயரை ஓரத் தூணின் உறைக்குள் ஓட்டும்போது பக்கவாட்டு ஏர்பேக் உள்ள வண்டியானால் அந்தப் பைக்கு முன்னால் வயர் குறுக்கே வரவே கூடாது, பின்புறமாகத்தான் போக வேண்டும். ஏர்பேக் விரிய வேண்டிய நேரத்தில் வயர் தடுத்தால் போவது உயிர். கம்பெனி வயரிங்கை வெட்டி டேப் சுற்றித் தரும் கடைக்காரரிடம் வண்டியை விடாதீர்கள். ஃபியூஸ் பாக்ஸில் ஃபியூஸ் டேப் (fuse tap) போட்டு இணைப்பு எடுக்கச் சொல்லுங்கள், வாரண்டி தகராறு வரும் வாய்ப்பு குறையும். கேமராவுக்குக் கைக்கெட்டும் இடத்தில் தனி சுவிட்ச் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். ஜிர்காடாங்குக்காகத்தான் சொல்கிறேன். ஃபியூஸ் பாக்ஸோடு சேர்த்துவிட்ட கேமராவைச் சாவடியில் பிடுங்குவது எளிதல்ல.

வெயிலில் நிறுத்திய காருக்குள் லித்தியம் பேட்டரி உப்பிவிடும். சூப்பர் கெபாசிட்டர் உள்ள மாடலாகப் பாருங்கள். இங்கே டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது, ஆகவே இரவில் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று சோதித்த பிறகே பணம் கொடுங்கள். தொடர் பதிவுக்கென்றே வரும் ஹை எண்டூரன்ஸ் கார்டு வாங்குங்கள். தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். கேமரா காட்டும் நேரமும் எஃப்.ஐ.ஆர். நேரமும் ஒத்துவராவிட்டால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அங்கேதான் கை வைப்பார். இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது, கம்பெனி பொருத்தாத மின்னணுப் பொருள் என்று கேமராவின் மதிப்பைத் தெரிவித்து ஐ.எம்.டி. 24 என்ற சேர்க்கையைக் கேட்டு வாங்கினால்தான் கேமராவுக்கு நேரும் சேதத்துக்குப் பணம் கிடைக்கும். டாக்சிக்காரர்கள் மைக்கை அணைத்துவிடுங்கள். பயணிகளின் குடும்பப் பேச்சைப் பதிவு செய்யும் உரிமை உங்களுக்கு இல்லை.

இனி விபத்து நடந்த பிறகு. இதைத்தான் நிதானமாகப் படிக்கச் சொல்வேன்.

அடிபட்டவர்களைப் பார்த்து, 112-க்குச் சொல்லிவிட்டு, முதல் வேலையாகக் கேமராவின் மின் இணைப்பைத் துண்டித்து கார்டை எடுத்துவிடுங்கள். மோதல் அதிர்ச்சியில் அந்தப் பதிவு தானே பூட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான், ஆனால் லேசான உரசலில் பூட்டாது. உங்கள் வண்டியில் இடிக்காமல் கண்ணெதிரே நடந்த விபத்துக்கும் பூட்டாது. கார்டு வெளியே வந்துவிட்டால் எதுவும் அழியாது. வேறு கார்டு போட்டு ஓட்டுங்கள். அசல் கார்டை ஒரு காகித உறையில் போட்டு, நாள், நேரம், இடம், வண்டி எண் எழுதி, கூட இருந்தவர் ஒருவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அனுப்பும்போது கோப்பு சுருங்கி வேறொன்றாகிவிடுகிறது. கணினியில் கார்டைச் செருகி, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் உள்ள கோப்புகளையும் சேர்த்து முழுமையாக நகலெடுங்கள். எடிட் செய்யாதீர்கள், சிவப்பு வட்டம் போடாதீர்கள், பாட்டு சேர்க்காதீர்கள். பிறகு ஒவ்வொரு கோப்புக்கும் ஷா 256 முறையில் ஹேஷ் மதிப்பு எடுங்கள். 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர் அது. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொடர் முழுக்க மாறிவிடும். விண்டோஸ் கணினியிலேயே இதற்கான கட்டளை இருக்கிறது. விவரம் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தருவார்.

ஏன் இவ்வளவு என்றால், 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாக்ஷிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 63-ஆம் பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைச் சாட்சியமாகக் கொடுத்தால் சான்றிதழும் கூடவே வர வேண்டும். முன்பு 65பி சான்றிதழ் என்று சொன்னார்களே, அதன் இடத்தில் வந்தது இது. படிவம் சட்டத்தின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது, இரண்டு பகுதிகளாக. பகுதி அ நீங்கள் நிரப்புவது: பெயர், முகவரி, பதிவு எந்தக் கருவியிலிருந்து வந்தது, அதன் மேக், மாடல், நிறம், சீரியல் எண், கருவி உங்கள் கட்டுப்பாட்டில் சரியாக இயங்கியது என்ற உறுதிமொழி, ஹேஷ் மதிப்பு, எந்த முறையில் எடுத்தது. ஹேஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும். கேமராவின் பில்லைத் தூக்கி எறியாதீர்கள் என்று நான் சொல்வது அந்த சீரியல் எண்ணுக்காகத்தான். பகுதி ஆ நிபுணர் நிரப்புவது. யார் அந்த நிபுணர், எங்கே போய்க் கையெழுத்து வாங்குவது என்று கேட்டால் மேசைக்கு மேசை ஒரு பதில் கிடைக்கிறது. பொதுமக்கள் அலைய வேண்டிய விஷயமா இது? பகுதி அ-வை முடித்துக் கொடுத்துவிட்டு, பகுதி ஆ-வுக்கு ஏற்பாடு செய்யும்படி விசாரணை அதிகாரியிடம் எழுத்து மூலம் கேளுங்கள். இழப்பீட்டுத் தீர்ப்பாய வழக்கானால் உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். பழைய சட்டத்தின் கீழ் 2020-இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம், அசல் கருவியையே அதன் உரிமையாளர் நீதிமன்றத்தில் வைத்துச் சாட்சி சொன்னால் சான்றிதழ் வேண்டாம், மற்றபடி சான்றிதழ் கட்டாயம் என்று தெளிவாகச் சொன்னது. அசல் கார்டைப் பத்திரப்படுத்தச் சொல்வதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

காவல் நிலையத்தில் "பென் டிரைவ்ல போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். கொடுங்கள், ஆனால் வெறுங்கையோடு திரும்பாதீர்கள். என்ன கொடுத்தீர்கள், கோப்பின் பெயர், ஹேஷ் மதிப்பு எல்லாம் எழுதிய கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அசல் கார்டையோ கேமராவையோ கேட்டால் சீரியல் எண்ணோடு கைப்பற்றுதல் மகஜர் எழுதச் சொல்லி அதன் நகலைப் பெறுங்கள். அதற்கு முன்பே உங்களிடம் ஒரு முழு நகல் இருக்க வேண்டும். மகஜர் இல்லாமல் போன கார்டு மேசை டிராயரில் காணாமல் போனால் கேட்க நாதியில்லை. இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும், விடாமல் கேளுங்கள்.

விபத்து பற்றி 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையும், 90 நாளுக்குள் விரிவான விபத்து அறிக்கையும் காவல்துறை இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது 2022-இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதிகளின் திருத்தம். உங்கள் வீடியோ அந்த விரிவான அறிக்கையில் இடம்பெற்றதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே இழப்பீட்டு மனு போடுவதானால் விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவு. ஆறு மாதம். சமரசம் பேசுகிறார்கள், பார்க்கலாம் என்று உட்கார்ந்து அதைத் தாண்டவிடாதீர்கள். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ சுற்றுலா வந்து இங்கே அடிபட்டவர்கள் வழக்குக்காகக் கப்பலேற வேண்டியதில்லை. குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போட 166(2) இடம் தருகிறது. ஆனால் வாடகைக் காரின் பதிவு கார் உரிமையாளரிடம் இருக்கும். விமானம் ஏறுவதற்கு முன் அதை வாங்கிவிடுங்கள், ஊருக்குப் போய் போன் போட்டால் அழிந்திருக்கும்.

இன்னொன்று, நீங்கள் வெறும் பார்வையாளராக இருந்த விபத்து. இடித்தவன் நிற்காமல் போய்விட்டால், பாதிக்கப்பட்டவருக்கு, இடித்துவிட்டு ஓடும் விபத்துகளுக்கான 2022-இன் திட்டப்படி மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும்தான் கிடைக்கும். அதற்கும் தாசில்தார் அலுவலகத்தில், உரிமைக்கோரிக்கை விசாரணை அதிகாரியிடம், படிவம் 1-இல் மனு கொடுக்க வேண்டும். தொகையை ஒப்புதல் செய்பவர் டெபுடி கமிஷனர். வண்டி எண் தெரிந்துவிட்டாலோ கதை வேறு. வருமானம், வயது, குடும்பம் எல்லாம் கணக்கிட்டுத் தீர்ப்பாயம் முழு இழப்பீடு வழங்கலாம். கூலி வேலைக்குப் போனவரை இழந்த ஒரு குடும்பத்துக்கு, உங்கள் கேமராவில் சிக்கிய அந்த நான்கு இலக்கத்தின் மதிப்பு பல லட்சம். ஆகவே "நமக்கெதுக்கு வம்பு" என்று கார்டை அழித்துவிடாதீர்கள். பதிவை அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் மேலே சொன்ன முறையில் கொடுங்கள், குடும்பத்தாரிடமும் ஒரு நகல் கொடுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்கள் என்றால் சட்டப் பணிகள் ஆணையத்தின் 15100 என்ற எண்ணை அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். முடிந்தால் அங்கேயே உங்கள் போனிலிருந்து கூப்பிட்டுப் பேசவையுங்கள்.