ஜோடி தெரிந்தால் போதுமா? இடம் தெரிய வேண்டாமா?

'ஐதர்' வந்தால் 'ஆர்', 'நைதர்' வந்தால் 'நார்', 'நோ சூனர்' வந்தால் 'தேன்'. ஆங்கில வகுப்பில் இந்த ஜோடிகளை உருப்போடாதவர்கள் நம்மில் குறைவு. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் மதிப்பெண் வந்துவிடும். சொந்தமாக நான்கு வரி எழுதும்போதுதான் தடுமாறுகிறோம். எதற்கு எது ஜோடி என்பது பாதிப் பாடம். ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும் என்பதே மீதிப் பாடம்.

இரு பக்கமும் ஒரே இனம்

'ஹி நாட் ஒன்லி ஸ்பீக்ஸ் தமிழ் பட் ஆல்சோ தெலுகு' என்று பலரும் எழுதுகிறார்கள். 'நாட் ஒன்லி'யை அடுத்து வினைச்சொல். 'பட் ஆல்சோ'வை அடுத்து வெறும் பெயர்ச்சொல். இரு பக்கமும் சமமாக இல்லை. 'ஹி ஸ்பீக்ஸ் நாட் ஒன்லி தமிழ் பட் ஆல்சோ தெலுகு' என்றால் இரண்டை அடுத்தும் மொழியின் பெயரே வருகிறது.

இந்த ஒழுங்கு நம் மொழியிலும் உண்டு. 'தமிழும் தெலுங்கும் பேசுவார்' என்னும்போது, எவற்றைச் சேர்க்கிறோமோ அவற்றின் மேல்தான் 'உம்' ஒட்டுகிறது. தமிழில் சொல்லின் கடைசியில் ஒட்டுவது, ஆங்கிலத்தில் சொல்லுக்கு முன்னால் தனியாக நிற்கிறது. அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரு முறை மறுத்தால் போதும்

'அவனும் வரவில்லை, அவளும் வரவில்லை' என்று தமிழில் வினையிலேயே மறுக்கிறோம். அந்தப் பழக்கத்தில் 'நைதர் ஹி நார் ஷி டிட் நாட் கம்' என்று எழுதிவிடுகிறோம். மறுப்பு 'நைதர்–நார்' ஜோடிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே, 'நைதர் ஹி நார் ஷி கேம்' என்பதே சரி.

அருகில் இருப்பதே முடிவு செய்யும்

'நைதர் தி டீச்சர் நார் தி ஸ்டூடன்ட்ஸ்' என்று தொடங்கினால் அடுத்து வருவது 'வாஸ்' அல்ல, 'வேர்'. வினைக்கு அருகில் உள்ள 'ஸ்டூடன்ட்ஸ்' பன்மை என்பதே காரணம். 'ஐதர்–ஆர்' ஜோடிக்கும் இதே விதி. 'போத்–அண்ட்' இரண்டு எழுவாய்களைச் சேர்த்தால் எப்போதும் பன்மை வினைதான்.

'தேன்' ஏன் வருகிறது?

'சூனர்' என்பது 'பெட்டர்' போல ஒப்பிட்டுச் சொல்லும் சொல். ஒப்பீட்டுக்குப் பின் 'தேன்' வருவது ஆங்கில வழக்கம். இதே பொருளில் வரும் 'ஹார்ட்லி'யில் ஒப்பீடு இல்லாததால் அதற்கு 'வென்' துணை. இரண்டில் எது வாக்கியத்தின் தலையில் நின்றாலும் துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்துவிடும்: 'நோ சூனர் டிட் தி பெல் ரிங் தேன் தி சில்ட்ரன் ரேன் அவுட்'.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோடிட்ட இடம் தருவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு ஜோடிக்கும் மாணவர் தம் வீட்டை, தெருவைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதட்டும். எழுதியபின், இரண்டு இணைப்புச் சொற்களையும் அடுத்து வரும் சொற்களை வட்டமிட்டு ஒப்பிடச் சொல்லுங்கள். பிழையை மாணவரே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வார்.