கம்பெனி ஒரே குடும்பமா? சங்கம் வேணுமா? தொழிலாளர் உறவில் 3 பார்வைகள்

திருவண்ணாமலை:-

கிரிவலப் பாதையில் உள்ள அடி அண்ணாமலை டீக்கடைகளில் கம்பெனி வேலை பற்றி பேச்சு எழுந்தால் 3 விதமாக பேசுவார்கள். "முதலாளி நல்லா இருந்தாத்தான் நாம நல்லா இருப்போம், சங்கம் எதுக்கு?" என்பார் ஒருவர். "சங்கம் இருந்தாத்தான் நம்ம பேச்சு எடுபடும்" என்பார் அடுத்தவர். "எது வந்தாலும் கடைசியில லாபம் முதலாளிக்குத்தான்" என்பார் மூன்றாமவர்.

வெறும் டீக்கடை பேச்சு என்று இதை தள்ளிவிட முடியாது. தொழிலாளர் உறவு பற்றி ஆராய்ந்தவர்களும் இதே 3 பார்வைகளைத்தான் சொல்கிறார்கள். முதல் இரண்டையும் 1966-ம் ஆண்டிலேயே பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த அறிஞர் ஆலன் பாக்ஸ். அதன் விவரம் வருமாறு:-

ஒரே குடும்பம்

முதல் பார்வைப்படி கம்பெனி ஒரு குடும்பம், நிர்வாகம்தான் குடும்பத் தலைவர். எல்லோருக்கும் ஒரே நோக்கம். சண்டை வந்தால் அது தவறான புரிதல், அல்லது வெளியாள் தூண்டுதல். எனவே சங்கம் தேவையில்லை.

இரு தரப்பு

இரண்டாவது பார்வை வேறு. சம்பளம் கூட வேண்டும் என்பது தொழிலாளி ஆசை, செலவு குறைய வேண்டும் என்பது முதலாளி ஆசை. இரண்டும் நியாயம்தான், மோதல் சகஜம். சங்கம் வைத்து, உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் போட்டால் தீரும் என்கிறது இது.

வர்க்க மோதல்

மூன்றாவது, காரல் மார்க்ஸ் வழி வந்தது. தொழிற்சாலை ஒருவர் கையில், உழைப்பு மற்றவர் கையில். பேச்சுவார்த்தை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தாலும் பலம் சமம் இல்லை. சொத்து யார் கையில் என்பது மாறாதவரை பிரச்சினை தீராது என்கிறது இது.

சாம்சங் போராட்டம்

ஸ்ரீபெரும்புதூர் அருகே சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் இந்த 3 பார்வைகளும் நேருக்கு நேர் மோதின. 2024 செப்டம்பர் 9-ந்தேதி தொடங்கிய ஸ்டிரைக் 37 நாள் நீடித்தது. சம்பள உயர்வுடன், சி.ஐ.டி.யு. ஆதரவு பெற்ற சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதும் முக்கிய கோரிக்கை.

வெளி சங்கத்துடன் பேசாமல், ஆலைக்குள் உள்ள தொழிலாளர் குழுவுடன் பேசவே நிர்வாகம் விரும்பியது. இது முதல் பார்வை. அமைச்சர்கள் இரு தரப்பையும் அழைத்துப் பேசினார்களே, அது இரண்டாவது. ஆலை வாசலில் முழங்கிய செங்கொடி கோஷங்களில் மூன்றாவது இருந்தது.

2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஆனாலும் அத்துடன் முடியவில்லை. சிலர் சஸ்பெண்டு செய்யப்பட்டதால் மறுபடியும் போராட்டம் நடந்தது. 2025 மே மாதம்தான் 3 ஆண்டுக்கான சம்பள ஒப்பந்தம் கையெழுத்தானது.

சென்னையில் தொடங்கியது

சங்கம் தமிழ்நாட்டுக்கு புதிது அல்ல. 1918 ஏப்ரல் 27-ந்தேதி சென்னையில் பி அண்டு சி மில் தொழிலாளர்களுக்காக பி.பி.வாடியா தலைமையில் சங்கம் உருவானது. திரு.வி.க.வும் அதில் முன்னின்றார். ஸ்டிரைக் செய்யத் தூண்டியதாக வாடியா உள்ளிட்டோர் மீது மில் நிர்வாகம் வழக்கு போட்டது. சங்கங்களுக்கு சட்டப் பாதுகாப்பு வந்தது 1926-ல்தான்.

புது சட்டம்

அந்த சட்டத்துக்கு பதிலாக தொழில் உறவுகள் தொகுப்பு சட்டம் 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்தது. ஒரே ஆலையில் பல சங்கம் இருந்தால், 51 சதவீத தொழிலாளர் ஆதரவு பெற்ற சங்கமே நிர்வாகத்துடன் பேசும் உரிமை பெறும். ஸ்டிரைக் செய்ய 14 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும்.

ஸ்டிரைக் நாளில் சம்பளம் நின்றால் முதல் அடி வீட்டு அடுப்புக்குத்தான். அதனால் செய்யாறு சிப்காட்டுக்கோ, ஸ்ரீபெரும்புதூருக்கோ கம்பெனி பஸ் ஏறும் நம்ம ஊர் பிள்ளைகள், நிர்வாகம் பேசினாலும் சங்கம் பேசினாலும் அது இந்த மூன்றில் எந்தப் பேச்சு என்று புரிந்து கொண்டு முடிவெடுப்பது நல்லது.